வயிறு ஒன்று, ஆபரேஷன் இரண்டு

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வண்டியில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று பழகுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தபடியே பல வருஷங்களைக் கழித்துவிட்டதால் அவளுக்கு பிரேக்கக்கா என்று பெயர் வந்துவிட்டது. டயர் கடை மாடியில் ஒரே அறையில் நடந்த அந்த டிரைவிங் ஸ்கூலில், முதலாளியிலிருந்து வண்டி கழுவ வருகிறவர் வரை எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பழகுகிறவர் நேராக ஒரு சுவரைப் பார்த்து வண்டியை விட்டாலும் அவள் குரல் உயராது. "சரி, இப்ப காலைக் கொஞ்சம் எடுத்துக்கலாமா" என்பாள். அதற்குள் அவளுடைய கால் பிரேக்கை அமுக்கியிருக்கும்.

அவள் அமுக்கினால் பிரச்சினை இல்லை. பழகுகிறவர் திடீரென்று அமுக்கினால்தான் வம்பு. சீட் பெல்ட் வயிற்றை இறுக்கும். உடனே நெஞ்சுக்குள் யாரோ திராவகத்தை ஊற்றியதுபோல எரிந்துகொண்டு தொண்டை வரைக்கும் ஏறி வரும். கதவின் பைக்குள் ஒரு மருந்து பாட்டில் வைத்திருந்தாள். பழகுகிறவர் கண்ணாடியைச் சரிசெய்யும் நேரம் பார்த்து மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல "இண்டிகேட்டர் போடுங்க" என்பாள்.

அது ஏற்கெனவே ஒருமுறை கத்தி பார்த்த வயிறு. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் இன்ஷூரன்ஸில் அவளுக்கு எடை குறைக்கும் ஆபரேஷன் நடந்திருந்தது. வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய்போலத் தைத்து விட்டார்கள். நாலு வாய் சாப்பிட்டால் போதும், நிறைந்துவிடும். எடை மளமளவென்று இறங்கியது. பழைய உடுப்புகளைப் பிடித்துத் தைத்தாள். இனிமேல் பிடிக்க முடியாமல் போனதும் புதிதாக வாங்கினாள். டயர் கடை மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறினாள். சில வருஷங்கள் அப்படியே ஓடின. பிறகு, எந்த மாதம் என்று அவளாலேயே சொல்ல முடியாது, சாவியைக் கையில் வைத்திருக்கும் வீட்டுக்காரர்போலக் கதவைத் தட்டாமல் எடை உள்ளே நுழைந்துவிட்டது. கூடவே எரிச்சலும் வந்தது. படுத்தால் எதுக்களித்தது. கடைசியில் ஹாலில் கிடந்த சாய்வு நாற்காலியில் முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. ஒருமுறை ஆபரேஷன் செய்தும் திரும்பப் பருத்துவிட்டோம் என்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கணவர்தான் ஒருநாள், "லிஃப்ட் ஒருதடவை ரிப்பேர் பண்ணா மறுபடி ரிப்பேர் ஆகாதா என்ன? வா, போய்க் காட்டிட்டு வரலாம்" என்று கிளப்பிக்கொண்டு போனார்.

இந்த முறை பார்த்தது வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர். இளவயதுப் பெண். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். வெள்ளையாக ஒரு திரவத்தைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். பிறகு இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். தைத்த வயிற்றின் மேல்பக்கம் நழுவி நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறியிருக்கிறது. அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாய் புண்ணாகியிருக்கிறது. மருந்து இனிக் கேட்காது. வயிற்றைக் கீழே இழுத்துச் சரிசெய்து, அதில் கொஞ்சத்தை மட்டும் பிரித்துக் குடலோடு இணைத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் பைபாஸ்.

கணவர் பயந்துபோய், பைபாஸ் என்றால் இதயத்துக்குச் செய்வதுதானே என்று கேட்டார். இது வயிற்றுக்கு என்றார் டாக்டர். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"இது எடைக்காகப் பண்றதா டாக்டர், எரிச்சலுக்காகப் பண்றதா?"

"ரெண்டுக்கும்தான்."

டாக்டருக்கு அது நல்ல செய்தி. ஒரே கல்லில் இரண்டு தொல்லையும் ஒழியும். ஆனால் அவளுக்கு அதற்குப் பிறகு வந்த தலைவலி எல்லாம் அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் கிளம்பியது.

இப்போது அவளுக்கு இருந்தது டிரைவிங் ஸ்கூல் எடுத்துக்கொடுத்த இன்ஷூரன்ஸ். ஆஸ்பத்திரியில் இந்த விவகாரங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். கழுத்தில் எப்போதும் ஹெட்ஃபோன் தொங்கும். அந்த ஹெட்ஃபோன்காரி எல்லாவற்றையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி வைத்தாள். பதில் ஃபோனில் வந்தது. அப்போது பிரேக்கக்கா வண்டியில் இருந்தாள். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு சலூன்காரர். ஐம்பது வயதுக்கு மேல் கார் பழக வந்தவர், எறும்பு ஊர்வதுபோல ஓட்டுவார். வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தாள். சாலை இரைச்சலில் சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

மறுமுனையில் ஓர் ஆள் மிகவும் மரியாதையாகப் பேசினார். எடை குறைக்கும் ஆபரேஷன் அவர்களுடைய விதிப்படி வாழ்நாளில் ஒருமுறைதான். அவளுக்கு ஏற்கெனவே நடந்துவிட்டது. அது வேறு கம்பெனி செலவில் நடந்தது என்றாள் அவள். கம்பெனி வேறாக இருந்தாலும் வாழ்நாள் ஒன்றுதானே என்றார் அவர். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

சலூன்காரர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யார் எதைப் பேசினாலும் காதில் விழாததுபோல நிற்பது அவர் தொழிலில் பழகிய ஒன்று. ஆனாலும் அடக்க முடியவில்லை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. முடி வெட்டினா மறுபடி வளருது. அதுக்காக வாழ்நாள்ல ஒருதடவைதான் வெட்டுவேன்னு நான் சொன்னா யாராவது ஒத்துக்குவாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் எரிச்சல் வந்தது.

ஹெட்ஃபோன்காரி அசரவில்லை. வாழ்நாளில் ஒருமுறை என்பது உண்மைதான், ஆனால் முதல் ஆபரேஷனால் கோளாறு வந்திருந்தால் இரண்டாவதையும் கொடுப்பார்கள், விதியில் அதற்கும் இடம் இருக்கிறது என்றாள். அவள் சொன்னபடி பிரேக்கக்கா மறுபடி இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டபோது வேறொரு குரல் எடுத்தது. ஆமாம், கொடுப்பார்களாம். ஆனால் எடை திரும்ப ஏறியது அவள் சாப்பிட்டதால் இல்லை, கோளாறால்தான் என்று தெரியவேண்டுமாம். அதற்கு உணவு ஆலோசகரிடம் ஆறு மாதம் ஒழுங்காகப் போய்வர வேண்டும், மனநல ஆலோசகர் ஒருவரும் பேசிப் பார்க்கவேண்டும். ஆறு மாதம் சொன்னபடி சாப்பிட்டுக் காட்டினால் என்ன தெரியும் என்று அவள் கேட்டாள். உங்கள் ஒத்துழைப்பு தெரியும் என்றது குரல். வயிறு ஏறி நெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது யாரோடு ஒத்துழைப்பது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் சரி என்றாள்.

சொன்னதைச் சொன்னபடி செய்கிற சுபாவம் அவளுக்கு. சூப், முட்டை, வேகவைத்த காய், சின்னக் கிண்ணத்தில் தயிர். மெல்ல மெல்ல மென்றாள். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கவில்லை. பாடம் இல்லாத வேளையில் பூங்காவைச் சுற்றி நடந்தாள். முதல் மாதம் தராசில் முள் நகரவில்லை. இரண்டாம் மாதம் கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது மாதம் இன்னும் இறங்கியது. உணவு ஆலோசகருக்கு வாயெல்லாம் பல். கையைத் தட்டிப் பாராட்டினார். எரிச்சல் மட்டும் இம்மியும் குறையவில்லை. அதைச் சொன்னபோது, அது என் துறை இல்லை என்றார்.

எடை குறைந்த சந்தோஷத்தோடு ஹெட்ஃபோன்காரியிடம் எடையைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"அக்கா, இன்னும் இறங்கிடாதீங்க."

"ஏன்மா?"

"உயரத்துக்கு இவ்வளவு எடைன்னு ஒரு கோடு வச்சிருக்காங்க. அதுக்குக் கீழ போயிட்டா ஆபரேஷனே தேவையில்லைன்னு சொல்லிடுவாங்க."

"அப்போ ஏத்தணுமா?"

"ஏத்தினா, சொன்னபடி சாப்பிடலைன்னு தள்ளிடுவாங்க."

"அப்போ நான் என்னதான் பண்ணணும்?"

ஹெட்ஃபோன்காரி யோசித்தாள். "இதே இடத்துல நில்லுங்க" என்றாள்.

வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். உடம்பை எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமே கேட்டுவிடலாம் என்று ஃபோன் செய்தாள். ஆரம்பத்தில் இருந்த எடைதான் கணக்கு, பயப்படாதீர்கள் என்றது ஒரு குரல். நிம்மதியாக வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் திரும்பக் கேட்டாள். கடைசியில் இருக்கும் எடைதான் கணக்கு என்றது இன்னொரு குரல். மூன்றாவது முறை கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்று பாடம் முடிந்து திரும்பும் வழியில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்தாள். கிரீம் வைத்த பன் ஒன்று வாங்கி, கண்ணாடி ஓரத்து மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மருந்து சாப்பிடுவதுபோல ஒரு பன்னைச் சாப்பிடப் பார்த்தாள். முன்பெல்லாம் இப்படி ஒரு பன்னைப் பார்த்தால் மனசோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இப்போது மனசு ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டு, உன் இஷ்டம் என்றது. பாதியைத் தின்றாள். மிச்சப் பாதியைப் பார்த்தபடி இருந்தாள். இதைத் தின்பது குற்றமா, தின்னாமல் விடுவது குற்றமா? பாதியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பஸ் நிறுத்தம் வருவதற்குள் தின்றது தொண்டைக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மிச்ச பன்னை வாங்கித் தானே சாப்பிட்டார். பிறகு, "உனக்குப் பசிச்சா சாப்பிடு, பசிக்கலைன்னா விடு. அவங்க கோடு அவங்களோட இருக்கட்டும்" என்றார்.

மனநல ஆலோசகர் வயதானவர், கனிவானவர். அவர் அறையில் தரைவிரிப்பு மெத்தென்று இருந்தது. வீடு, வேலை, தூக்கம் எல்லாம் விசாரித்தார். கடைசியில், எடை ஏன் திரும்ப வந்தது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவளிடம் இரண்டு பதில் தயாராக இருந்தது. நான் சரியாகத்தான் சாப்பிட்டேன், ஆபரேஷன்தான் கெட்டுவிட்டது என்று சொல்லும்படி ஹெட்ஃபோன்காரி முன்கூட்டியே சாடைமாடையாகச் சொல்லியிருந்தாள். நீதான் வாயைக் கட்டவில்லை என்று அவளுடைய மனசு பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டையும் நாக்கு நுனிவரை கொண்டுவந்து பார்த்தாள். எரிச்சல் வந்தபோது ரொட்டி தின்றால் கொஞ்சம் அடங்கியது, அதனால் தின்றாள். அது அவள் தின்றதா, எரிச்சல் தின்னவைத்ததா?

"தெரியலைங்க" என்றாள். "நிஜமாவே தெரியலை. தெரிஞ்சிருந்தா நானே ஏதாவது பண்ணியிருப்பேன்."

ஆலோசகர் தலையாட்டி, நேர்மையான பதில் என்றார். அந்த நேர்மையை அப்படியே எழுதியும் அனுப்பிவிட்டார்.

ஆறு மாதம் முடிந்தது. எடை அந்தக் கோட்டின்மேல் நூலிழையில் தொங்கியது. எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டாவது தடவையும் மறுத்துவிட்டார்கள். எடை திரும்பியதற்குக் காரணம் உறுதியாகத் தெரியவில்லையாம். அதோடு, உணவுமுறையாலேயே எடை குறைந்து வருவதால் ஆபரேஷனுக்கு அவசியமும் இல்லையாம். ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்றார்கள், சாப்பிட்டாள். ஒழுங்காகச் சாப்பிட்டதால் கிடையாது என்கிறார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவளுக்கு. அன்று மாலை வேலைக்குப் போகவில்லை. சாய்வு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரிந்திருந்தால் கோபப்பட்டிருப்பாள். ஃபோனில் பேசிய ஒவ்வொருவரும் நன்றாகத்தான் பேசியிருந்தார்கள்.

விஷயம் டாக்டர் காதுக்குப் போனது. அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் டாக்டரோடு தானே பேச நேரம் கேட்டு வாங்கினார். என்ன பேசினார் என்று பிறகு சொன்னார். எடை என்ற வார்த்தையையே அவர் எடுக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏறிய வயிறு, புண்ணான உணவுக்குழாய், இப்படியே விட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது, அவ்வளவுதான். குழாய் விட்டு எடுத்த படத்தை அனுப்பினார். அந்த டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாராம். பிறகு, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாராம். முதல் நாளே சொன்னோம் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

சில நாள் கழித்து ஒரே நாளில் இரண்டு பதில் வந்தது. காலையில் வந்தது, ஆபரேஷனுக்கு அனுமதி கிடையாது என்றது. மதியம் வந்தது, ஆபரேஷனுக்கு அனுமதி உண்டு என்றது. அவளும் கணவரும் சமையலறை மேசையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஏதோ ஒன்று பழையது, தாமதமாக வந்திருக்கும் என்றார் கணவர். இரண்டிலும் ஒரே தேதி போட்டிருந்தது. அவள் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். இந்த முறை எடுத்தது ஒரு பெண்.

"ரெண்டுமே சரிதான் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

"எப்படிம்மா ரெண்டும் சரியா இருக்கும்?"

"எடை குறைக்கிற ஆபரேஷனுக்கு உங்களுக்கு அனுமதி இல்லை. முதல் ஆபரேஷன்ல வந்த கோளாறைச் சரிபண்ற ஆபரேஷனுக்கு அனுமதி இருக்கு."

"ரெண்டும் ஒரே ஆபரேஷன்தானேம்மா. ஒரே நாள், ஒரே டாக்டர், வெட்டறதும் ஒரே இடம்."

"எங்க கணக்குல ரெண்டு, மேடம்."

அவள் யோசித்துவிட்டு, உள்ளூர இருந்த பயத்தைக் கேட்டுவிட்டாள். "சரிபண்ற ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, அதுல எடையும் குறைஞ்சிடுச்சுன்னா? பின்னால ஏதாவது சொல்வீங்களா?"

மறுமுனையில் அந்தப் பெண் யாரிடமோ கேட்கும் சத்தம் வந்தது. திரும்பி வந்து, "அதுக்கு எங்ககிட்ட விதி எதுவும் இல்லை, மேடம்" என்றாள். குரலில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்ததுபோல இருந்தது. அது நிஜமா, இவளுக்குத்தான் அப்படிப் பட்டதா, தெரியாது.

ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. பழைய தையல் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்ததாம். முதல் வாரம் ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர். ஏன் இதற்குச் சம்மதித்தோம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அழுதாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிலை ஏற்றி இறக்கும் மோட்டாரை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு ஆறுதல் சொல்ல வராது. கட்டிலை அவளுக்கு வசதியான இடத்தில் நிறுத்த மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து ஒருநாள் மதியம் அவள் கட்டிலில் நீட்டிப் படுத்தாள். எரிச்சல் வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எங்கே போனது என்று தேடுவதுபோல இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அப்படியே தூங்கிப் போனாள். கணவர் வந்து, நாற்காலியில் அவளைக் காணோம் என்று வீடு முழுக்கக் கூப்பிட்டபடி நடந்தாராம்.

மறுபடி வண்டியில் ஏறியபோது சலூன்காரர் தேர்வில் தேறி சொந்தக் கார் வாங்கியிருந்தார். இன்னும் எறும்பு ஊர்வதுபோலத்தான் ஓட்டுகிறார் என்று கேள்வி. புதிதாகப் பழக வந்தவர்கள் பிரேக்கைத் திடுமென்று மிதித்தார்கள். பெல்ட் இறுக்கியது. நெஞ்சு சும்மா இருந்தது. எடையும் இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு மாதமும் தராசில் ஏறும்போது அவளுக்குச் சந்தோஷத்தோடு ஒரு கூச்சமும் வந்தது, அனுமதி இல்லாத ஒரு பொருள் தன் பைக்குள் வந்து விழுந்துவிட்டதுபோல. எடை குறைவதற்குத்தான் அனுமதி கிடையாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று டாக்டரிடமே சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டு, உடம்பு அவர்களுடைய பதிலைப் படிக்கவில்லை, விடுங்கள் என்றார்.

முதலாளியின் அண்ணிக்கும் இதே மாதிரி ஒரு வயிறு இருந்தது. பழைய ஆபரேஷன், திரும்பிய எடை, மறுத்துவிட்ட இன்ஷூரன்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஃபோன் செய்து, நீங்கள் எப்படி வாங்கினீர்கள், எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டார். பிரேக்கக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். ஒருமுறைதான் என்பார்கள், அதற்குக் கவலைப்படாதீர்கள் என்றாள். சாப்பாட்டைக் குறையுங்கள், ஆனால் ரொம்பக் குறைக்காதீர்கள் என்றாள். காரணம் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். கொஞ்சம் யோசித்து, உண்மை தெரிந்தால் சொல்லுங்கள் என்று திருத்தினாள். கிடையாது என்று வந்தால் உடனே அழாதீர்கள், மதியம் வரை பாருங்கள் என்றாள்.

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று, "அண்ணி, இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்மா" என்றார் அவர். "எழுதிக்கலாம்னு பேனா எடுத்தேன். இதுவரைக்கும் ஒண்ணும் எழுதலை."

பிரேக்கக்கா பெருமூச்சு விட்டாள். அண்ணி உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா என்று கேட்டாள். உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்றார் அவர். சரி, மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, எதை முதல் என்று எடுப்பது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு, "உங்களுக்கு நெஞ்சு எரியுதா அண்ணி?" என்று கேட்டாள்.